மாட்டுக் கண்காட்சி மண்டபத்தில் மயக்க இசை

டிசம்பர் 1, 2024, ஞாயிறு. சென்னை விமான நிலையம்

தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலிகள் நேற்று மதியமே நிரம்பிவிட்டன. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கிறது என்று சனிக்கிழமை மதியம் நிலையத்தை மூடியவர்கள் இன்று நள்ளிரவுக்குப் பிறகுதான் திறந்தார்கள். நேற்றே பறந்திருக்க வேண்டியவன் இன்றிரவுக்குத் தள்ளப்பட்டேன். பாரீஸில் மூன்று நாள் என்று போட்ட திட்டம் இரண்டு நாளாகச் சுருங்கியது. பக்கத்தில் ஒரு குடும்பம் தூக்குவாளியைத் திறந்து புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலேயே ஒரு பேப்பர் தட்டு என் பக்கம் வந்தது. "அப்பளம்தான் நமுத்துப் போச்சு, தப்பா நினைக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

எதற்கு இந்தப் பயணம் என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு வீடியோவுக்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 2019 டிசம்பரில், பிரான்சின் ரென் நகரில் நடந்த ட்ரான்ஸ் ம்யூசிகால் விழாவின்போது, சியாட்டில் நகர வானொலியான கே.இ.எக்ஸ்.பி. ஒரு குழுவைப் படம்பிடித்தது. ஸ்லிஃப்ட் என்று பெயர். துலூஸ் ஊரைச் சேர்ந்த மூன்று பேர், அவர்களில் இருவர் அண்ணன் தம்பி. கிட்டார், பேஸ், டிரம்ஸ், நடுவே சின்தசைசர் என்ற மின்னணு இசைப்பெட்டி போடும் ஊளை. அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். பகல் முழுக்க பக்திப் பாடலும் புடவைக் கடை விளம்பரமும். இரவு ஹெட்போனில் இந்தப் பிரெஞ்சுக்காரர்கள். வருடத்துக்கு வருடம் பித்து கூடியதே தவிரக் குறையவில்லை. இப்படிப்பட்ட சத்தம் புறப்பட்டு வரும் நாடு எப்படிப்பட்ட காடாக இருக்கும் என்று பார்க்கத்தான், பாரீஸ் வழியாக அதே ரென் விழாவுக்குப் போகிறேன்.

டிசம்பர் 2, திங்கள். வெர்சாய்

விமான நிலையத்திலிருந்து பாரீஸுக்குள் வர ரயில் டிக்கெட் 11.80 யூரோ. நம் காசுக்கு ஆயிரத்து ஐம்பது ரூபாய் சொச்சம். மனக்கணக்குப் போடுவதை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன். குளிர் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஈரம்தான் வேட்டியைக் காயவிடாத ஐப்பசி மாதிரி எலும்பில் ஏறுகிறது.

பையை விடுதியில் போட்டுவிட்டு நேராக வெர்சாய்க்கு ரயில் ஏறினேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் அரண்மனைக்குப் போகும் உற்சாகத்தில் இருந்தார்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அதை அவர்களிடம் சொல்லும் பாவம் என் தலையில் விழுந்தது.

நான் போனது அரண்மனைக்காக அல்ல. ஏர் என்ற இருவர் இசைக்குழுவின் ஊர் அது. நிக்கொலா கோதென் கட்டடக் கலை படித்தவர், ழான்-பெனுவா துன்கெல் கணக்கு. 1998-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான 'மூன் சஃபாரி'யைக் (சந்திரப் பயணம்) கேட்டவர்களுக்குத் தெரியும், அது வெதுவெதுப்பான நீரில் மிதப்பது மாதிரியான இசை. ஃபீனிக்ஸ் குழுவும் இதே ஊர்தான். ஒரு சின்ன ஊரிலிருந்து இத்தனை பேர் எப்படி என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம். வந்து பார்த்தால் விடை தெருவிலேயே கிடக்கிறது: இங்கே செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. நூல் பிடித்த மாதிரி நேரான அகலத் தெருக்கள், வெட்டி நிறுத்திய மரங்கள், சாத்திய ஜன்னல்கள். பிற்பகல் நாலரை மணிக்கு ஒரு தெருவில் பத்து நிமிடம் நின்றேன். ஒரு நாயும் ஒரு தாத்தாவும் கடந்து போனார்கள், இருவரும் என்னைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பதினாறு வயதில் ஒரு சின்தசைசர் கையில் கிடைத்தால் நானும் சந்திரனுக்குத்தான் போயிருப்பேன்.

பேக்கரியில் ஒரு பாடம். உள்ளே போய் ரொட்டியைக் காட்டி "ஒன்று" என்று விரலை உயர்த்தினேன். கல்லாவில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, மிகப் பொறுமையாக, "பொன்ஷூர்" என்றார். நான் மறுபடி விரலைக் காட்டினேன். அவர் மறுபடி "பொன்ஷூர்" என்றார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. "பொன்ஷூர், மதாம்" என்றேன். அந்த நொடியில் முகம் மலர்ந்து, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, கூடவே ஒரு புன்னகையும் கொடுத்தார். இந்த நாட்டில் வணக்கம் சொல்லாமல் கேட்பது கடவு எண் இல்லாமல் பணம் எடுக்கப் பார்ப்பது போலத்தான்.

டிசம்பர் 3, செவ்வாய். பாரீஸ்

காலையில் பிகால் பகுதி. ரூ விக்தோர்-மாஸே, ரூ த துவே ஆகிய தெருக்களில் இசைக்கருவிக் கடைகள். ஒரு காலத்தில் வரிசையாக இருந்தனவாம். இப்போது இடையிடையே காப்பிக் கடைகள் புகுந்துவிட்டன. ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓசையை மாற்றிக் காட்டும் பழைய ஸ்மால் ஸ்டோன் பெடல் ஒன்று இருந்தது. 190 யூரோ. நான் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பதைப் பார்த்த கடைக்காரர் (இந்த முறை முதலில் பொன்ஷூர் சொல்லிவிட்டேன்) அதை வெளியே எடுத்து ஒரு ஆர்கன் கீபோர்டோடு இணைத்தார்.

கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரு தகரப் பெட்டி. மேலே ஒரே ஒரு திருகு, ஒரு சின்ன சுவிட்ச். திருகு வேகத்துக்கு, சுவிட்ச் நிறத்துக்கு. அவர் ஒரே ஒரு சுதியை அழுத்திப் பிடித்தார். சப்பென்று ஒரு ஆர்கன் ஓசை. பெடலைக் காலால் மிதித்தார். அந்தச் சுதி மூச்சு விட ஆரம்பித்தது. உள்ளே வாங்குகிறது, வெளியே விடுகிறது. சுவிட்சைத் தள்ளினார், மூச்சு இன்னும் ஆழமானது. சுவரே அசைவதுபோல ஒரு பிரமை. 1976-இல் மின்னணு இசைக்காரர் ழான்-மிஷேல் ழார் வீட்டிலேயே அமைத்த ஸ்டூடியோவில், எட்டு ட்ராக் டேப்பில் பதிந்த 'ஆக்சிஜென்' ஆல்பத்தின் ரகசியம் இந்தத் தகரப் பெட்டிதான். எமினெண்ட் என்ற டச்சு ஆர்கனின் வயலின் ஓசையை அமெரிக்க ஸ்மால் ஸ்டோன் வழியாக அனுப்பினார். டச்சு அரிசி, அமெரிக்க உளுந்து, மாவு ஆட்டிய கை மட்டும் பிரெஞ்சு. உலகம் முழுக்க அதைப் பிரெஞ்சு இசை என்றுதான் கொண்டாடியது.

கடைக்காரர் இருபது நிமிடம் எனக்காக வாசித்தார். நான் வாங்கவில்லை என்று சொன்னபோது முகம் கோணவில்லை. "நல்ல நாளாக அமையட்டும்" என்று வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். ரிச்சி தெருவில் இதை எதிர்பார்க்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மதியம் வில்லேத் பூங்காவில் இருக்கும் இசை அருங்காட்சியகம். இங்கே நான் தேடி வந்தது ஒந்த் மார்த்தனோ என்ற மின்னணு வாத்தியம். மோரிஸ் மார்த்தனோ ஒரு செல்லோ வாசிப்பாளர். முதல் உலகப் போரில் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராக இருந்தபோது, கருவியின் வால்வுகள் எழுப்பிய கீச்சொலியில் அவருக்கு ராகம் கேட்டிருக்கிறது. 1928-இல் அதை வாத்தியமாகவே மேடையேற்றினார். பார்த்தால் சின்ன ஆர்மோனியப் பெட்டி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கட்டைகளுக்கு முன்னால் ஒரு கம்பி நீளமாக ஓடுகிறது, அதில் ஒரு மோதிரம். வாசிப்பவர் வலது ஆள்காட்டி விரலை மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் சுதி வழுக்கிக்கொண்டு போகும். இடது கை ஒரு சின்ன இழுப்பறைக்குள் இருக்கும். அங்கே ஒரு பொத்தான், அதை அழுத்தும் அளவுக்குத்தான் சத்தம் எழும். ஸ்பீக்கர்களில் ஒன்று இலை வடிவம், அதன் மேல் தந்திகள். மின்சாரம் பாட, தந்திகள் தாமாக அதிர்ந்து உடன்பாடும்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். எனக்கு வீணையின் கமகம்தான் ஞாபகம் வந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள இடத்தில்தான் இசை இருக்கிறது என்று நம் ஊர் பாட்டு வாத்தியார் சொன்னால் தலையாட்டுவோம். ஒரு பாரீஸ்காரர் அதற்கு மோதிரம் செய்து வைத்திருக்கிறார்.

இரவு லா ஷப்பெல் வரை நடந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைத்தெரு. கொத்து ரொட்டி 9 யூரோ, தட்டு நிறைய. கடை அண்ணை நான் பேசும் தமிழைக் கேட்டதும், "இந்தியாவோ? அங்க புயலாம், வீடு எல்லாம் சுகமோ?" என்றார். விமான நிலையத்தில் கிடந்த கதையைச் சொன்னேன். "எங்கட பக்கத்தாலதான் அது வந்தது. அம்மா வீட்டு முற்றத்தில இன்னும் வெள்ளம்" என்றார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 4, புதன். ரென்

மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். வண்டி கிளம்பும் சத்தத்தைப் பதிவுக் கருவியில் பிடித்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. 1948-இல் பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பாரீஸின் பத்தினியோல் நிலையத்தில் ரயில் எஞ்சின்களின் சத்தத்தைப் பதிந்து, வெட்டி, திருப்பி, அடுக்கி அதையே இசை என்று ஒலிபரப்பினார். அவரோடு வேலை செய்த பியர் ஆன்ரி 1967-இல், மொரிஸ் பேஜாரின் நடனத்துக்காக மிஷேல் கொலொம்பியேவோடு சேர்ந்து, ராக் கிட்டாருக்கு மேலே மணியோசையையும் மின்னணுக் கீச்சல்களையும் கொட்டினார். சைக்கடெலிக் என்ற மயக்க இசை, எலெக்ட்ரானிக், ராக் மூன்றும் பிரான்சில் ஒரே பாத்திரத்தில் வெந்தது அங்கேதான் என்பது என் கட்சி. ழாரும் இளைஞராக ஷேஃபரின் குழுவில் பயின்றவர். இன்றைய வண்டிதான் ஏமாற்றிவிட்டது. அதிவேக ரயில் சத்தமே போடுவதில்லை. பதிவில் இருப்பது என் கோட்டு உரசும் ஓசை மட்டும்.

ரென்னில் மழை. நான் தங்குவது ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவரின் வீட்டு மாடி அறை, ஒரு இரவு 42 யூரோ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். அதைப் பார்த்து வீட்டுக்காரம்மா என்னை நல்ல பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்.

இரவு எட்டு மணிக்கு மேல் சாந்த்-ஆன் சதுக்கத்தை ஒட்டிய ஒரு சாராயக் கடையில் விழாவின் பட்டியலில் இல்லாத குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. மேலே தொலைக்காட்சியில் நாடாளுமன்றம், சத்தம் இல்லாமல். திடீரென்று எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் 331 ஓட்டில் ஜெயித்து பிரதமர் பார்னியேவின் அரசு கவிழ்ந்துவிட்டது. 1962-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நம் ஊராக இருந்தால் கடையை மூடியிருப்பார்கள், பஸ் நின்றிருக்கும். இங்கே ஒருவர் "ஓ லாலா" என்றார், இன்னொருவர் மதுக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார், டிரம்மர் குச்சியைத் தட்டி அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

டிசம்பர் 5, வியாழன். ரென்

அரசு ஊழியர் வேலைநிறுத்தம். ஊர்வலம் பாதையை மறித்தது. ஊர்வலத்தில் ஒரு ஆசிரியை எனக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, கொடுக்கும் முன் பொன்ஷூர் சொன்னார். கோபத்திலும் முறை தவறவில்லை.

மதியம் கோதுமை அல்லாத, கருப்பாக இருக்கும் பக்வீட் மாவில் சுட்ட கலெத். நம் ராகி தோசைக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். நடுவில் முட்டை, சீஸ், நாலு பக்கமும் மடித்து. 9.50 யூரோ. ஆப்பிள் சைடரைக் கோப்பையில் இல்லாமல் கிண்ணத்தில் தருகிறார்கள். காரம் என்ற சொல்லே இந்தப் பகுதியில் இல்லை. இட்லிப் பொடிப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் தூவிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு வேறு வேலை இருந்ததால் பொழுது அப்படியே கழிந்தது. மழை, ஈரச் சாக்ஸ், தூக்கம்.

டிசம்பர் 6, வெள்ளி. பார்க் எக்ஸ்போ

இதற்குத்தான் வந்தேன்.

பெரிய கச்சேரிகள் ஊருக்குள் இல்லை. தெற்கே, விமான நிலையத்தை ஒட்டிய கண்காட்சி மைதானத்தில். பஸ்ஸில் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே போனேன். என் கற்பனையில் புகை மூடிய நிலவறைகள், சுவரெல்லாம் கிறுக்கல். இறங்கிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று தகரக் கூரை போட்ட மண்டபங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். பக்கத்தில் நின்றவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "செப்டம்பரில் வந்திருந்தால் இங்கே பசுக்களைப் பார்த்திருப்பீர்கள்." உண்மைதான். ஸ்பாஸ் என்ற பெரிய கால்நடைக் கண்காட்சி இதே மண்டபங்களில்தான் நடக்கிறது. செப்டம்பரில் மாடு, டிசம்பரில் மயக்கம்.

விழா 1979-இல் தொடங்கியது. இதன் வழக்கம் விசித்திரமானது: யாருக்கும் தெரியாத குழுக்களைத்தான் பெரும்பாலும் அழைப்பார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ழான்-லூயி ப்ரொசார் இப்படித் தேடித் தேடிக் கொண்டுவந்ததில் 1991-இல் நிர்வானா, 1993-இல் பியோர்க், 1995-இல் டாஃப்ட் பங்க் எல்லாம் இங்கே வாசித்திருக்கிறார்கள். இன்றிரவு வாசித்தவர்களின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் நேற்றுவரை தெரியாது. ஆயிரக்கணக்கான பேர் மழையில் பஸ் பிடித்து, தெரியாத பெயர்களைக் கேட்க வருகிறார்கள். நம் டிசம்பர் சீசனில் தெரிந்த வித்வான் தெரிந்த வர்ணத்தைப் பாடுவாரா என்று முன்கூட்டியே பட்டியல் தேடும் கூட்டத்தை நினைத்தேன்.

நுழைவாயிலில் ஒரு கூடை நிறைய நுரை அடைப்பான்கள், காதுக்கு. இலவசம். மேல்கோட்டு வைக்க 2 யூரோ. பீர் 7 யூரோ, அதற்கு மேல் பிளாஸ்டிக் கப்புக்கு 1 யூரோ முன்பணம், திருப்பித் தந்தால் திரும்பக் கிடைக்கும். சூப் 4 யூரோ. வரிசையில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டார். மிதித்தவர் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னிப்புக் கேட்டேன், பின்னால் நின்றவரும் எதற்கோ மன்னிப்புக் கேட்டார்.

இரவு பதினொன்றரை. நாலு பேர். ஒரு டிரம்ஸ், ஒரு கிட்டார், இரண்டு சின்தசைசர் மேசைகள், மேலே கம்பிகள் நூடுல்ஸ் மாதிரி தொங்குகின்றன. எட்டே சுரங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. டிரம்மர் ஒரே தாளத்தை அச்சு எந்திரம் மாதிரி அடித்தார். முதல் மூன்று நிமிடம் எனக்குச் சலித்தது, நேர்மையாகச் சொல்கிறேன். நாலாவது நிமிடம் ஓசையை வடிகட்டும் ஃபில்டரை மயிரிழை மயிரிழையாகத் திறக்க ஆரம்பித்தார்கள். அதே எட்டு சுரம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் கூடியது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை யாரும் கவனிக்க மாட்டோம். அவர் இல்லாவிட்டால்தான் கூரை இடிந்தது போல இருக்கும். இங்கே ஒத்தையே கச்சேரியாக்கிவிட்டார்கள்.

பழக்க தோஷத்தால் மிக்ஸர் மேசைப் பக்கம் ஒதுங்கினேன். சவுண்ட் இஞ்சினியர் ஒரு இளம்பெண். அவர் முன்னால் ஒரு சின்னத் திரை, அதில் எண்கள்: 98.6, 99.1, 99.4. பிரான்சில் 2017-இல் வந்த அரசாணைப்படி பதினைந்து நிமிட சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம் ஆடி மாதக் குழாய் ஸ்பீக்கர்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். நானும் இதே தொழில் என்று என் காதையும் விரலையும் காட்டினேன். உடனே நகர்ந்து இடம் கொடுத்தார்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விளக்கினார். சராசரி என்பதால் அது சேமிப்புக் கணக்கு மாதிரி. முதல் பத்து நிமிடம் அடக்கி வாசித்தால் கடைசி ஐந்து நிமிடத்துக்குச் செலவழிக்க மிச்சம் இருக்கும். குழுக்களும் இப்போது அதைத் தெரிந்தே மெட்டுகளை அமைக்கிறார்களாம். அந்த நீண்ட, மெல்ல மெல்ல ஏறும் அலைகளை நான் சென்னையில் படுத்துக்கொண்டு கேட்டபோது பித்து, தியானம், பிரபஞ்சம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கொஞ்சம் கணக்குப்பிள்ளை வேலையும் அதில் இருக்கிறது.

கடைசிப் பாட்டு. திரையில் 100.8. அவர் ஆள்காட்டி விரல் மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மாஸ்டர் ஃபேடரின் மேல், அழுத்தாமல், தூங்கும் குழந்தையின் நெற்றியில் வைத்த மாதிரி. 101.2. கிட்டாரிஸ்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரோடு பேசுகிறார். 101.5. பேஸ் வந்து என் சட்டைப் பொத்தான்களை ஆட்டியது. 101.7. விரல் அரிசி அளவு கீழே வந்தது. யாருக்கும் தெரியவில்லை. மண்டபம் முழுக்கக் கைகள் மேலே. 101.8-இல் பாட்டு முடிந்தது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து எதையோ எழுதினார். வேலை நேரக் கணக்கு. இங்கே மேடைத் தொழிலாளிகளும் கலைஞர்களும் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அவருக்கு இன்னும் 60 மணி நேரம் பாக்கி இருக்கிறதாம்.

டிசம்பர் 7, சனி. ரென், மறுபடி பார்க் எக்ஸ்போ

மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன். பல் விளக்கும்போதே வீட்டுக்காரர் சொன்னார்: டாரா என்று பெயரிட்ட புயல் வருகிறது. ஒரு புயலிலிருந்து கிளம்பி இன்னொன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

லீஸ் சந்தைக்குப் போனோம். சனிக்கிழமை காலைச் சந்தை. சிப்பி, லீக்ஸ் கட்டுகள், பன்றித்தலை. சுடச்சுட சாசேஜைக் குளிர்ந்த கலெத்தில் சுருட்டித் தரும் கடையில் நீண்ட வரிசை, 4 யூரோ. பன்றி எனக்கு முதல் தடவை. குழந்தைப் பருவத்துத் தயக்கமெல்லாம் வரிசையில் நிற்கும்போதே எட்டிப் பார்த்தது. சரி, ஊரோடு ஒத்து வாழ் என்று வாங்கிவிட்டேன். கடுகு விழுது கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி, என்னை முன்பின் பார்த்திராதவர், விரலை ஆட்டி "நோன், நோன், நோன்" என்றார். இதில் எதையும் தடவக் கூடாதாம். கடைக்காரரும் பாட்டி பக்கம். பொடிப் பொட்டலத்தை வெளியே எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிற்பகல் முழுக்கக் காற்று. வீட்டுக்காரர் பழைய ரிக்கார்டுகளை எடுத்தார். எழுபதுகளில் அவர் மாக்மாவை நேரில் கேட்டவர். 1969-இல் கிறிஸ்தியான் வாந்தெர் என்ற டிரம்மர் தொடங்கிய குழு. பிரெஞ்சு மொழி போதவில்லை என்று கோபையன் என்றொரு மொழியையே உண்டாக்கிப் பாடினார்கள். "எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்து கேட்டோம்" என்றார். அப்புறம் கோங். அதன் தலைவர் டேவிட் ஆலன் ஆஸ்திரேலியர். 1967-இல் பிரான்சில் வாசித்துவிட்டு இங்கிலாந்து திரும்பியபோது விசா சிக்கலில் உள்ளே விடவில்லை. வேறு வழியில்லாமல் பாரீஸிலேயே தங்கி ஆரம்பித்த குழு அது. விசாவுக்காக நான் கொடுத்த ஆவணங்களின் கனத்தை நினைத்துக்கொண்டேன். என்னை விட்டுவிட்டார்கள், அதனால்தான் என்னிடமிருந்து ஒரு இசையும் பிறக்கவில்லை போலும்.

மாலை தொலைக்காட்சியில் நோத்ர்-தாம் திறப்பு விழா. ஐந்து வருடத்துக்கு முன் எரிந்த தேவாலயம். பலத்த காற்றினால் வெளியே பேச வேண்டிய ஜனாதிபதியும் உள்ளேயே பேசினார். அப்புறம்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பேராயர் ஆர்கனைப் பார்த்து, எழுந்திரு என்று எட்டு முறை அழைத்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் ஆர்கன் பதில் சொன்னது. ஏறத்தாழ எட்டாயிரம் குழாய்கள். நான் பக்திப் பாடல் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது உறுமல். அப்புறம் கண்ணாடி உடைவது போன்ற கொத்துச் சுரங்கள், அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட முழக்கம், அதன் மேல் பறவைக் கூட்டம் மாதிரி சிதறும் கீச்சொலிகள். உலகத் தலைவர்கள் எல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா, "பாவம் அந்த ஆர்கன், இன்னும் தூக்கக் கலக்கம் போல" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, "குழாய், காற்று, ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு இழுப்பு. இதுதான் எங்கள் முதல் சின்தசைசர்" என்றார். நேற்றிரவு மாட்டு மண்டபத்தில் கேட்டதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. துலூஸ் பையன்களை யாரும் காட்டில் வளர்க்கவில்லை. இப்படி ஊருக்கு ஊர் ஒரு கோயில், அதில் இப்படி ஒரு ராட்சசன்.

இரவு மறுபடி பார்க் எக்ஸ்போ. இரண்டாவது இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கால் வலி காதை மறைத்துவிட்டது. ஒரு குழு நன்றாக இருந்தது, இன்னொன்று வெறும் வெளிச்சம். காலை நாலு மணிக்குக் கோட்டை வாங்கப் போனால் டோக்கனைக் காணோம். வெளியே புயல். சட்டையோடு போனால் நிமோனியா நிச்சயம். கோட்டு அறைப் பையன் கண் சிவந்து, ஆனால் குரல் உயராமல், "பையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்றான். வரிசையாக நூற்றுக்கணக்கான கருப்புக் கோட்டுகள். மிளகாய்ப் பொடி என்பதை எப்படிச் சொல்ல? "சிவப்புத் தூள், பிளாஸ்டிக் பொட்டலத்தில்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று புரிந்தது. அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். தேடி எடுத்து வந்து, பொட்டலத்தைப் பிரித்து மோந்தான். தும்மினான். அடுத்தடுத்து நாலு தும்மல். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொரு தும்மலுக்கும் சேர்ந்து "உங்கள் விருப்பங்கள் நிறைவேறட்டும்" என்று பிரெஞ்சில் வாழ்த்தினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டைக் கொடுத்தவன், பொடியில் கொஞ்சம் கேட்டான். பாதியை ஒரு பீர் கப்பில் கொட்டிக் கொடுத்தேன். குடை பஸ் நிறுத்தத்தில் உயிரை விட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு. பாரீஸ்

மதிய வண்டி. மூக்கு ஒழுகுகிறது. கோட்டுப் பையில் திருப்பித் தராத கப்புகள் மூன்று, ஆக 3 யூரோ நஷ்டம்.

மாலை சேன் நதியின் இடது கரையில் போய் நின்றேன். நோத்ர்-தாம் இருக்கும் தீவுக்குப் போகும் பாலங்களில் போலீஸ், உள்ளே விடவில்லை. சாரல், குடை இல்லை. நதிக்கு அந்தப் பக்கம் தேவாலயம் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக நின்றது. ஆறு மணிக்கு மேல் மணிகள் அடிக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று, அப்புறம் அதைவிட ஆழமாக ஒன்று, அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து, எது எதனுடைய ஓசை என்று பிரிக்க முடியாதபடி. பதிவுக் கருவியை எடுத்து, மைக்கைக் கைக்குட்டையால் மூடி, அளவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வதிலேயே கவனம்.

இப்போது விமான நிலையத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு நிமிடம், நல்ல பதிவு, மழையும் நதியும் மணிக்கு அடியில் ஒத்து மாதிரி விழுந்திருக்கின்றன. இரண்டாவது நிமிடத்தில், மிக அருகில், ஒரு வயதான பெண்குரல் "பொன்ஷூர்" என்கிறது. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சம் பொறுமையாக, மறுபடி "பொன்ஷூர்." மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கிறது.